ஆறு தலையும் ஒரு தூணும்

1. கம்பி பிடித்திருந்த தூண்

கம்பியை அவிழ்த்த பிறகுதான் தெரிந்தது, அதுவரை அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டிருந்ததே கம்பிதான் என்று.

தூண்தான் கம்பியைத் தாங்குகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, டெலிபோன் லைனில் சப் இன்ஸ்பெக்டர் என்று ஒரு கடிதமும் ஒரு புதுத் தொப்பியும் வாங்கி எட்டு மாதம்கூட ஆகவில்லை. நினைப்பதற்கு எனக்குக் குறைவே இல்லை. தெரிந்ததுதான் கொஞ்சம்.

ரப்பர் விலை படுத்துக்கிடந்த காலம் அது. எனக்குக் குவார்ட்டர்ஸ் ஜொகூர் குளுவாங்கில். ரெங்கத்துக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு தோட்டத்துக்குள் பழைய டெலிபோன் லைன் ஓடிக்கொண்டிருந்தது. புது லைனை ரோட்டோரமாகப் போட்டாகிவிட்டது. தோட்டத்துக்குள் நிற்கும் ஒன்பது பழைய மரத்தூண்களையும் இறக்கி, இடத்தைத் தோட்டத்துத் துரையிடம் ஒப்படைக்க வேண்டும். மேலே ஒருவர் நின்று பார்க்காமல் நான் தனியாகச் செய்யப்போன முதல் வேலை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தூணைக் கம்பம் என்றும் சொல்வோம் அல்லவா? ஜொகூரில் கம்பம் என்றால் மலாய்க்காரர் கிராமம். வந்த புதிதில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து, "நாளைக்கு நாங்கள் ஒரு கம்பத்தை இறக்கப் போறம்" என்று பெருமையாகச் சொன்னேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அங்க இருக்கிற சனத்தையெல்லாம் எங்க ஐயா வைப்பீங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து தூண் என்றே சொல்லி வருகிறேன். மொழி அன்றைக்கே எனக்கு ஓர் எச்சரிக்கை கொடுத்திருந்தது. நான் அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டேன்.

என் கீழே நான்கு பேர். மேஸ்திரியான மண்டோர் யூசோப், மலாய்க்காரர், இந்த வேலையில் என் வயதளவு அனுபவம் உள்ளவர். மற்ற மூவரும் தமிழ் லைன்மேன்கள். அதில் சின்னையா என்பவர் தஞ்சாவூர்ப் பக்கம். வாய் ஓயாதவர். எட்டுத் தூண்களை மூன்று நாளில் இறக்கிவிட்டோம். ஒரு பிசகும் இல்லை. அதனால் நான்காம் நாள் காலையில் தொப்பி என் தலையில் கொஞ்சம் உயரமாகவே உட்கார்ந்திருந்தது.

பழைய தூணை இறக்குவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சுத்தியலால் தட்டிப் பார். கெட்டி மரம் கணீர் என்னும், உளுத்த மரம் பொத்துப் பொத்து என்னும். அடுத்து அடிமண்ணைத் தோண்டி, கடப்பாரையால் குத்திப் பார். பிறகு கயிறு கட்டு. எல்லாம் முடிந்த பிறகே கம்பியை அவிழ். இந்த வரிசையை நான் இலாகாப் பரீட்சையில் அழகாக எழுதிப் பாஸ் பண்ணியிருந்தேன். ஒன்பதாவது தூணுக்குப் போகும்போது, நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று, ரோட்டுத் தூணில் ஏறி அங்கிருந்து வந்த கம்பியை முதலில் அவிழ்க்கச் சொன்னேன்.

அவிழ்த்தவுடன் தூண் ஒரு சத்தம் போட்டது. பழைய கதவைத் திறந்தால் வருமே, அந்தச் சத்தம். பிறகு மூன்று முழம் சாய்ந்து நின்றது.

யூசோப் போய்ச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினார். "கோசோங், இஞ்சே" என்றார். உள்ளே ஒன்றுமில்லை, காலி ஐயா என்று அர்த்தம். அவர் சொன்னது தூணைப் பற்றி என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன்.

தூண் சாய்ந்த பக்கம் பத்தடி தள்ளி ஒரு மாட்டுக்கொட்டகை இருந்தது. அத்தாப்பு ஓலை வேய்ந்த தாழ்வான கொட்டகை. அதற்குள்ளிருந்து ஓர் அம்மாள் தலையை நீட்டினார்.

"யாரு ஐயா அது, மரத்தை ஆட்டுறது?"

"ஒருத்தரும் ஆட்டேல்லை அம்மா. அது தானா ஆடுது."

"மூணு வருசமா நின்ன எடத்துல நின்னுச்சே. நீங்க வந்ததும் எப்படி தானா ஆடும்?"

இந்தக் கேள்விக்கு இலாகாப் பரீட்சையில் பதில் இல்லை. "அம்மா, மாட்டைக் கொஞ்சம் வெளியாலை கொண்டுபோங்கோ, நாங்கள் இதை இறக்கிப்போட்டுப் போறம்" என்றேன்.

"எங்கிட்டுக் கொண்டு போறது? செவலைக்கு விடிகாலையிலேருந்து வலி. படுத்துருச்சு. கன்னு போடுற மாட்டை எழுப்புவாங்களா?"

அவர் பெயர் அஞ்சலை. முன்னே ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு கால் வீங்கி, வேலைக்குப் போக முடியாமல் இருந்தார். ரப்பர் விலை விழுந்ததும் தோட்டத்து ஆபீஸ் கிராணி ஒரு பட்டியல் எழுதினார். வேலை செய்ய முடியாதவர்கள் எல்லோரும் அடுத்த கப்பலில் ஊருக்கு. அஞ்சலைக்கு ஊரில் ஒருவரும் இல்லை. துரையிடம் போய், காதுத் தோட்டைக் கழற்றி விற்று வாங்கிய தன் பசுவைக் காட்டி, "பங்களாவுக்கும் புள்ளக் கொட்டகைக்கும் நான் பால் ஊத்துறேன், என்னை விட்டுடுங்க துரை" என்றிருக்கிறார். துரை சரி என்றார். மாடு கறக்கிற மட்டும் அவர் இருக்கலாம். போன ஈற்றில் கன்று செத்துப் பிறந்து, மடி வற்றிப்போய், பட்டியலில் அவர் பெயர் ஏறி, மாடு மறுபடி சினைப்பட்டதால் இறங்கியிருந்தது. இன்னொரு முறை ஏறினால் இறங்காது.

இவ்வளவையும் அவர் அழாமல், புகார் சொல்லாமல், கொட்டகை வாசலில் நின்றபடி சொன்னார். "இந்த மாடு போனா எனக்குக் கப்பல்தான் ஐயா. பாத்துச் செய்ங்க."

தூணை அப்படியே விட்டுவிட்டு நாளைக்கு வருகிறோம் என்று சொல்லவும் முடியாது. இனி அதைப் பிடிக்கக் கம்பி இல்லை. ஒரு காற்று வந்தால் போதும்.

"பயப்பிடாதேங்கோ. ஒரு தூசும் விழாது" என்றேன்.

2. கங்காணியிடம் ஆள் கேட்டது

கொட்டகைப் பக்கம் சாய்ந்திருக்கும் தூணை எதிர்ப்பக்கம் இழுத்து நிமிர்த்தி, அங்கே இருந்த லாலான் புல்வெளியில் படுக்கவைக்க வேண்டும். ஐந்து பேரால் ஆகாது. ஓடிப்போய் வீராசாமி கங்காணியைப் பிடித்தேன். கறுப்புக் கோட்டு, கையில் குடை. மழை பெய்தாலும் குடையை விரிக்கமாட்டார். அது ஆட்களைச் சுட்டிக்காட்டுவதற்கு.

"கங்காணி, கெதியா ஆக்களைத் தாங்கோ" என்றேன்.

அவர் முகம் மாறியது. "கெதியா? யாருக்கு என்ன கெதி ஐயா?"

எங்கள் ஊரில் கெதியாக என்றால் சீக்கிரமாக. அவர் ஊரில் கெதி என்றால் தலைவிதி. சீக்கிரம் ஆள் வேண்டும் என்பதைக் கையாலும் காலாலும் விளக்கினேன். அவர் ஆறுதலாகத் தலையசைத்தார்.

"ஆறு தல தாரேன் ஐயா. ஆனா ஒண்ணு. பதினோரு மணிக்கு ஸ்டோர் மணி அடிச்சா ஆறு தலயையும் விட்டுடணும். பால் தூக்க ஆளில்ல."

தோட்டத்தில் பால் என்றால் ரப்பர்ப் பால், அது போய்ச் சேரும் இடம் ஸ்டோர். குடிக்கிற பாலுக்குத்தான் மாட்டுப்பால் என்று அடைமொழி வேண்டும். அதேபோல ஆளை அங்கே தலை என்றுதான் எண்ணுவார்கள். காலையில் பெரட்டு என்கிற ஆள்கணக்குக்கு வந்து வரிசையில் நிற்பது இத்தனை தலை, சீக்கில் படுத்திருப்பது இத்தனை தலை. பேச்சில் அது 'தல' ஆகிவிடும்.

"ஓம், மணி அடிச்ச உடனை விடுறன்" என்றேன்.

கங்காணி அந்த ஆறு பேரையும் கூப்பிட்டு, குடையால் என்னைச் சுட்டிக்காட்டினார். "ஐயா விடுன்னு சொல்ற வரைக்கும் நீங்க அவரு ஆளு. விடுன்னு சொன்னா அந்த நிமிசமே ஸ்டோருக்கு வந்துடணும். நின்னு கதை பேசுறவனுக்கு இன்னிக்குப் பேரு கெடையாது."

பேர் கிடையாது என்றால் அன்றைய வேலை கணக்கில் ஏறாது. ஆறு பேரும் தலையாட்டினார்கள். அவர்களில் மூத்தவர் முத்தன். மிகவும் ஒழுங்கான மனிதர். சொன்னதைச் சொன்னபடி செய்வார். அவர் அன்றைக்கு ஒரு சோம்பேறியாக இருந்திருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது.

3. யூசோப் கட்டிய தாலி

நான் ஆட்களோடு திரும்பி வருவதற்குள் யூசோப் பாதி வேலையை முடித்திருந்தார். உளுத்த தூணில் ஏறக்கூடாது. அதனால் ஒரு நீள மூங்கிலின் நுனியில் சுருக்கை வைத்து, தரையில் நின்றபடியே தூணின் தலையில் கயிறுகளை மாட்டியிருந்தார். புல்வெளிப் பக்கம் இழுப்பதற்கு ஒரு பெரிய கயிறு. தூண் நிமிர்ந்து அந்தப் பக்கம் சாயும்போது பின்னாலிருந்து நிதானிக்க ஒரு கயிறு. அது இங்கும் அங்கும் திரும்பாமல் இருக்க இரண்டு பக்கமும் இரண்டு.

மலாயில் கயிற்றுக்குத் தாலி என்று பெயர். யூசோப்புக்கு அரைத்தமிழ் வரும். அந்த அரைத்தமிழில் அவர் சின்னையாவைப் பார்த்து, "தாலி கட்டு, நல்லா இறுக்கித் தாலி கட்டு" என்று கத்திக்கொண்டிருந்தார். தொழிலாளர் லயத்துக் குழாயடியில் நின்ற பெண்கள் தண்ணீர் பிடிப்பதை மறந்துவிட்டுச் சிரித்தார்கள்.

"மண்டோர், எனக்குத் தாலி கட்டி ஆறு வருசமாச்சு. ஒண்ணு போதும்" என்றார் சின்னையா.

யூசோப் இன்னொன்றும் செய்தார். புல்வெளியில் வெட்டிப்போட்ட பழைய ரப்பர் மரத்தின் அடிக்கட்டை ஒன்று இருந்தது. இழுக்கிற பெரிய கயிற்றின் வாலை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியைத் தன் கையில் வைத்துக்கொண்டார். ஆட்கள் இழுக்க இழுக்க, மிஞ்சுகிற கயிற்றை அவர் கட்டையில் இறுக்கிக்கொண்டே வருவார்.

எட்டுப் பேர் இழுக்க நிற்கும்போது ஒரு செத்த கட்டை எதற்கு? எனக்கு அது என் ஏற்பாட்டை நம்பாத மாதிரிப் பட்டது. "உந்தக் கட்டை எதுக்கு? ஆக்கள் நிக்கினம்தானே?" என்றேன்.

யூசோப் கோபப்படவில்லை. "ஜாங்கான் ஹாராப் ஓராங், இஞ்சே. ஹாராப் போக்கோ" என்றார். ஆளை நம்பாதே, மரத்தை நம்பு.

"மண்டோருக்கு மனுசரிலை நம்பிக்கை இல்லை" என்று சின்னையாவிடம் சொல்லிச் சிரித்தேன். சின்னையாவும் மரியாதைக்குச் சிரித்தார். நல்ல காலமாக, நான் சிரித்தேனே தவிரக் கட்டையை அவிழ்க்கச் சொல்லவில்லை. என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்யாமல் விட்டவற்றில் இதுதான் சிறந்தது.

4. ஸ்டோர் மணி

பெரிய கயிற்றில் முத்தனும் அவர் ஆட்களுமாக ஆறு பேர். அவர்களுக்குப் பின்னால் சின்னையாவும் எங்கள் இன்னொரு லைன்மேனும். மூன்றாவது லைன்மேன் பக்கக் கயிற்றில். கட்டையடியில் யூசோப். நான் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு மேட்டில் ஏறி நின்றேன். கொட்டகைக்குள் செவலை முனகுவதும் அஞ்சலை அதோடு பேசுவதும் கேட்டுக்கொண்டிருந்தன.

"இழுங்கோ" என்றேன். இழுத்தார்கள். தூண் முனகிக்கொண்டே நிமிர்ந்தது. ஒரு முழம், இரண்டு முழம். இன்னும் கொஞ்சம் இழுத்தால் நேராக நின்றுவிடும். அதன் பிறகு அது தன் பாரத்திலேயே புல்வெளிப் பக்கம் சாயும், கொட்டகைக்கு ஆபத்தில்லை.

அந்த நேரத்தில் பக்கக் கயிறு ஒரு ரப்பர்க் கிளையில் சிக்கிக்கொண்டது. சிக்கிய கயிற்றோடு இழுத்தால் தூண் முறுக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. பெரிய கயிற்றை ஓர் அடி தளர்த்தினால் சிக்கலை எடுத்துவிடலாம். மெல்ல, மிக மெல்லத் தளர்த்த வேண்டும். நான் கையைத் தூக்கினேன்.

ஸ்டோர் மணி அடித்தது.

நான் மணியைக் கவனிக்கவில்லை. என் கண் கயிற்றில் இருந்தது. எங்கள் ஊரில் மெதுவாக என்பதற்கு எப்படிச் சொல்வோமோ அப்படியே, தொண்டை கிழியக் கத்தினேன்.

"ஆறுதலா விடுங்கோ."

முத்தன் கயிற்றை விட்டார். அவரோடு மற்ற ஐவரும் விட்டார்கள். விட்டுவிட்டு, கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வரிசையாக ஸ்டோர் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள்.

கயிறு சின்னையாவின் கையைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. அவரும் மற்ற லைன்மேனும் நாலடி இழுபட்டு, வாய்க்காலில் போய் உட்கார்ந்தார்கள். தூண் கொட்டகைப் பக்கம் திரும்பி வந்தது. என் கை தூக்கியபடியே இருந்தது.

கட்டையில் சுற்றியிருந்த கயிறு கிரீச்சிட்டது. யூசோப் இரண்டு காலையும் கட்டையில் உதைத்து, நுனியைப் பிடித்துக்கொண்டு மல்லாந்தார். கருகல் வாடை வந்தது. தூண் ஒரு குலுங்குக் குலுங்கி, முதலில் சாய்ந்திருந்த இடத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

அந்தக் குலுக்கலில், தூணின் தலையில் கம்பி சுற்றுவதற்காக இருந்த வெள்ளைப் பீங்கான் குமிழ் ஒன்று கழன்று அத்தாப்பைத் துளைத்துக்கொண்டு கொட்டகைக்குள் விழுந்தது.

சத்தமே இல்லை. செவலையின் முனகலும் கேட்கவில்லை. அந்தச் சில நிமிடங்களை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அந்த அம்மாளுடைய பெயரைக் கப்பல் பட்டியலில் என் கையாலேயே எழுதிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அஞ்சலை வெளியே வந்தார். கையில் அந்தப் பீங்கான்.

"தூசு விழாதுன்னீங்களே ஐயா. இது என்ன?"

"மாடு?" என்று கேட்டேன்.

"மாடு கெடக்கு. இது தொட்டியில விழுந்துச்சு, தவிட்டுக்குள்ள." பீங்கானைத் திருப்பிப் பார்த்தார். "உடையக்கூட இல்ல."

போன உயிர் எனக்கு வந்தது. உயிர் வந்ததும் கோபமும் வந்தது. ஓடிப்போய் ஆறு பேரையும் மறித்தேன்.

"ஏன் கயித்தை விட்டனியள்?"

முத்தன் திகைத்துப்போனார். "நீங்கதானே ஐயா விடச் சொன்னீங்க."

"நான் ஆறுதலா விடச் சொன்னனான்."

"ஆமா ஐயா. ஆறு தலய விடச் சொன்னீங்க. மணியும் அடிச்சுச்சு. ஆறு தலயும் வந்துட்டோம்." ஒரு தடவை திரும்பி எண்ணிப் பார்த்துக்கொண்டார். "ஆறும் சரியா இருக்கே?"

சின்னையா வாய்க்காலிலிருந்து எழுந்து, தோல் உரிந்த கையை ஊதிக்கொண்டே வந்தார். "ஐயா மேல தப்பில்ல முத்தண்ணே. உங்க மேலயும் இல்ல. அவரு ஊர்ல ஆறுதலான்னா மெதுவான்னு அர்த்தம். எட்டு மாசமா கூட இருக்கோம், எங்களுக்குத் தெரியும். அதான் நாங்க விடாம சேத்துல உக்காந்தோம்."

முத்தன் இதை யோசித்தார். "மெதுவான்னா மெதுவான்னே சொல்லலாமே ஐயா" என்றார். பிறகு, என் மனம் நோகக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "எங்க பக்கம் ஆறுதல்னா எழவு வீட்டுல சொல்றது" என்றும் சேர்த்துச் சொன்னார்.

இதற்குள் பால் தூக்க ஆள் வரவில்லையென்று குடையோடு கங்காணி வந்துவிட்டார். வரும்போது வாயில் ஏதோ திட்டு இருந்தது. தூணையும் கொட்டகையையும் பார்த்ததும் அதை விழுங்கிவிட்டார். குடையை ஒரு மரத்தில் மாட்டினார். கோட்டைக் கழற்றினார். "ஏழு தலயா வச்சுக்குங்க" என்று வந்து கயிற்றைப் பிடித்தார்.

இந்த முறை நான் மேட்டில் ஏறவில்லை. யூசோப்பைப் பார்த்தேன். அவர் நாலு சொல் சொன்னார். தாரேக் என்றால் இழு. தாஹான் என்றால் அப்படியே பிடி. ஹூலூர் என்றால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. லெப்பாஸ் என்றால் விடு. கம்பத்துக்காரன், தோட்டத்துக்காரன், யாழ்ப்பாணத்தான், தஞ்சாவூர்க்காரன் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது அந்த மலாய்தான். யூசோப் ஒவ்வொருவரிடமும் போய், "ஹூலூர் சொன்னா நீ என்ன செய்ற?" என்று கேட்டார். கேட்டவர் கையால் செய்து காட்ட வேண்டும். கங்காணியும் செய்து காட்டினார். நானும் செய்து காட்டினேன்.

சிக்கலை எடுத்தோம். தாரேக். தூண் நிமிர்ந்தது. தாஹான். பின்கயிற்றை இரண்டு பேர் ஒரு பலாமரத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டார்கள். தூண் புல்வெளிப் பக்கம் திரும்பியதும், ஹூலூர், ஹூலூர் என்று யூசோப் தாலாட்டுப் பாடுகிற குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். லாலானில் அது படுத்தபோது ஒரு வெட்டுக்கிளிகூடப் பயந்து பறக்கவில்லை. பிறகுதான் லெப்பாஸ்.

அடிப்பாகத்தைப் பார்த்தேன். மண்ணுக்குள் ஒரு முழத்துக்கு மரமே இல்லை. கறையான் தின்றுவிட்டுத் தூண் மாதிரியே மண்ணைக் கட்டி வைத்திருந்தது.

ஆட்கள் ஸ்டோருக்குப் போய்ச் சேர்வதற்குள் கொட்டகையிலிருந்து செய்தி வந்தது. கிடேரிக் கன்று. எழுந்து நின்று முட்டுகிறதாம். போய்ப் பார்த்தேன். கன்றின் காலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த அஞ்சலை நிமிரவில்லை.

"பேரு வச்சாச்சு ஐயா. ஆறுமுகம்."

"கிடேரிக்கு ஆறுமுகமோ?"

"ஆறு தல இருந்தா ஆறு முகம் இருக்காதா?"

வெளியே சின்னையா சிரிக்கும் சத்தம் கேட்டது. யூசோப்பும் எட்டிப் பார்த்தார். அஞ்சலை அவரைக் காட்டி, "நீங்க குடுத்த வாக்கு நிக்கல ஐயா. அந்த அண்ணன் கட்டுன தாலிதான் நின்னுச்சு" என்றார். யூசோப்புக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. தாலி என்ற சொல் புரிந்திருக்க வேண்டும். கருகிப்போன கயிற்றைத் தூக்கிக் காட்டி, "நல்ல தாலி" என்றார்.

5. எந்தத் தமிழ்

கயிறு ஏன் கருகியது என்று மேலதிகாரியான வெள்ளைக்காரர் கேட்டார். மறைக்காமல் சொன்னேன். மெதுவாக என்ற ஒரு சொல்லை ஆட்கள் பிழையாக விளங்கிக்கொண்டார்கள் என்றேன். "மெதுவாக என்று கேட்டால் எப்படி ஒரே அடியாக விடுவார்கள்?" என்றார். அதை இங்கிலீஷில் விளக்கப் பார்த்தேன். ஆறு, தலை, ஆறுதல் என்று கால்மணி நேரம் போராடினேன். கடைசியில் அவர், "புதுக் கயிறு எடுத்துக்கொள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

என்னை அவர் விட்டாலும் சின்னையா விடவில்லை. செய்தி ரயிலேறி எனக்கு முன்னால் போய்விடும். சில வருடங்கள் கழித்துத் தங்காக்குக்கு மாற்றலாகிப் போனேன். அங்கே ஒருவரையும் எனக்குத் தெரியாது. முதல் நாள் காலையில் ஆட்களை நிறுத்தி, நான் இன்னார் என்று சொல்ல வாயைத் திறக்குமுன், பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் நின்றவரிடம், "ஆறுதல ஐயா இவருதான். கயித்துல நிக்கிறப்ப ஜாக்கிரதை" என்றார். ஆறுதலை ஐயாவாகவே பென்ஷன் வாங்கினேன்.

இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. தட்டிப் பார்க்காமல் தூணை நம்பாதே. கயிறு கட்டாமல் கம்பியைத் தொடாதே. கயிற்றின் வாலை எப்போதும் ஒரு மரத்தில் சுற்று. இவை எந்தப் புத்தகத்திலும் இருக்கும். புத்தகத்தில் இல்லாதது ஒன்றுண்டு. நீ சொன்னது கட்டளை இல்லை. கயிற்றைப் பிடித்திருப்பவன் காதில் விழுந்தது எதுவோ அதுதான் கட்டளை. அதனால் சொல்லிவிட்டு, "நான் இப்ப என்ன சொன்னனான்?" என்று கேள். கேட்கிறவனைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அன்றிலிருந்து ஒரு தூண் தப்பாமல் கேட்டேன். என் கையில் ஒருவரும் சாகவில்லை.

தங்காக் போவதற்கு முன்னால் ஒருமுறை அந்தத் தோட்டத்து வழியாகப் போக நேர்ந்தது. தோட்டத்திலிருந்து இரண்டு கப்பலுக்கு ஆட்கள் போயிருந்தார்கள். லயத்தில் பாதிக் கதவுகள் பூட்டிக்கிடந்தன. முத்தனும் போய்விட்டார் என்றார்கள். கேட்டபோது மனம் கனத்தது. ஒழுங்கான மனிதர், போகச் சொன்னதும் போயிருப்பார். கொட்டகைப் பக்கம் பார்க்கப் பயந்துகொண்டே பார்த்தேன். புகை வந்துகொண்டிருந்தது. வாசலில் செவலை. அதைவிடக் கொழுப்பாக ஆறுமுகம்.

அஞ்சலை என்னைக் கண்டதும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்காரச் சொன்னார். கொட்டகைக் கம்பில் அந்த வெள்ளைப் பீங்கான் தலைகீழாகக் கட்டியிருந்தது. அதில் விபூதி. நல்ல கெட்டிப் பாலில் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். ஆவி பறந்தது. என் முகத்தில் அவர் எதைப் பார்த்தாரோ தெரியாது. முத்தனைப் பற்றி நான் கேட்டது அவர் காதிலும் விழுந்திருக்கும்.

கோப்பையைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"ஆறுதலா குடிங்க ஐயா."

என்னைக் கேலி செய்ய என் ஊர்த் தமிழில் மெதுவாக என்று சொன்னாரா, அவர் ஊர்த் தமிழில் தேற்றினாரா, காப்பி சுடுகிறது ஆறட்டும் என்றாரா? நான் சொன்ன பாடத்தின்படி, என்ன சொன்னீர்கள் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். என் உத்தியோகத்தில் அந்த ஒரு முறைதான் கேட்கவில்லை. ஆறும்வரை உட்கார்ந்திருந்து குடித்துவிட்டு வந்தேன்.